மனத்துயருக்கு ஓர் அளவுகோல்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்ததும் நாம் காலடி வைப்பது ஆனேக்கல் வட்டத்தில். இந்தப் பெங்களூருச் சீமை தமிழர்க்குப் புதிய நிலமன்று. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே பலவாகக் கிடைத்திருக்கின்றன. இன்றோ, பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளை நாடித் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டத்தில் வாழ்கின்றன. ஆனேக்கல் என்றால் பட்டு நெசவும் தர்மராயர் கோயில் கரக விழாவும் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், இந்தியாவின் மனநல மருத்துவ வரலாற்றில் இவ்வட்டத்திற்கு ஒரு தனி இடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

நெல்லைப் படியால் அளக்கிறோம். நிலத்தைச் சங்கிலியால் அளக்கிறோம். பட்டை முழக்கோலால் அளக்கிறோம். மனம் சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு அளிக்கப்பெறும் மருத்துவம் நல்லதா, அல்லதா என்பதை எதனால் அளப்பது? இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்ணப்பட்டவை சுவரும் தலையும்தாம். சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளருக்கென ஓர் இல்லம் ஏற்பட்டது. பெங்களூரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அத்தகைய இல்லம் ஒன்று தோன்றியது. அக்காலத்துக் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் நாம் காண்பவை இவை: எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் வெளியேறினர், எத்தனை பேர் இறந்தனர், ஒருவருக்கு உணவுச் செலவு எவ்வளவு. மனச்சோர்வுக்கு அன்று ‘மெலாங்கோலியா’ என்று பெயர். அப்பெயரின் கீழ் எழுதப்பட்டோர் மிகக் கடுமையாக நோயுற்று, உணவை மறுத்து, வீட்டாரால் இனிக் காக்க இயலாது என்ற நிலையில் கொண்டுவந்து விடப்பட்டவர்களே. ஊர்களில் தம் வீட்டு மூலையில் வாய் பேசாது வாடியிருந்தோர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. காவல் நன்றாக இருந்தால் மருத்துவமும் நன்றாக இருப்பதாகக் கொள்ளப்பட்ட காலம் அது.

பெங்களூரில் இந்நிலை படிப்படியாக மாறியது. 1925-ஆம் ஆண்டில் காப்பகம் என்ற பெயர் நீங்கி, மனநோய் மருத்துவமனை என்ற பெயர் வழங்கலாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அது ஓசூர்ச் சாலையில் உள்ள இன்றைய விரிந்த வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. விடுதலைக்குப் பின்னர், 1954-இல், அகில இந்திய மனநல நிறுவனம் அவ்விடத்தில் அமைந்தது, டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநராக விளங்கினார். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், மருத்துவமனையும் அந்நிறுவனமும் ஒன்றாக இணைக்கப்பட்டு, இன்று ‘நிம்ஹான்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாயிற்று.

இதே காலத்தில் வேறிடங்களிலும் மனநோய் மருத்துவத்தில் புதிய சிந்தனை துளிர்த்திருந்தது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்து மருத்துவம் செய்தார். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், 1950-களில் தொடங்கிய நாள் முதலே உறவினர் உடனிருக்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தைப் பகையாகவோ பார்வையாளராகவோ கருதாது, மருத்துவத்தில் பங்காளியாகக் கருதிய முயற்சிகள் இவை. எனினும் நோயாளிதான் மருத்துவமனையைத் தேடி வரவேண்டியிருந்தது. மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்லவில்லை.

அந்தத் திசைமாற்றம் நிகழ்ந்த இடங்களுள் ஒன்றுதான் ஆனேக்கல் வட்டம். 1975-இல் நிம்ஹான்ஸில் சமுதாய மனநலப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்ற டாக்டர் ஆர். எல். கபூர், அதற்கு முன்னரே தென் கன்னடக் கடற்கரையில் கோட்டா என்னும் ஊரில் வீடு வீடாகச் சென்று மனநலத்தை ஆராய்ந்தவர். மருத்துவமனையின் வாயிலில் நின்று பார்த்தால் தெரியாத துயரம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு, பன்னேர்கட்டாவை அடுத்த சகலவாரா என்னும் சிற்றூரில் கிராம மனநல மையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. அதே காலத்தில் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில், சண்டிகர் மருத்துவர்கள் இதனை ஒத்த முயற்சி ஒன்றை மேற்கொண்டிருந்தனர்.

சகலவாராவில் ஆராயப்பட்ட கேள்வி எளியது, விடையோ அரியது. நாட்டில் மனநல மருத்துவர் மிகச் சிலர்; ஊர்களோ பல இலட்சம். அங்ஙனமாயின், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும், ஊர் ஊராகச் செல்லும் சுகாதாரப் பணியாளரும் சில வாரப் பயிற்சியில் மனநோயை இனங்காணவும், எளிய மருந்துகளைக் கொடுத்துத் தொடர்ந்து கவனிக்கவும் கற்க முடியுமா? முடியும் என்று சகலவாரா காட்டியது. அங்கே உருவான பாடத்திட்டங்களும் கையேடுகளும் பின்னர் நாடெங்கும் பயன்பட்டன. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டபோது இவ்வனுபவம் அதற்கு ஓர் அடிக்கல்லாயிற்று. 1985 முதல் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் இம்முறை நடத்திப் பார்க்கப்பட்டது. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் என்ற பெயரில் பிற மாநிலங்களிலும் பரவலாயிற்று.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். இத்தொடக்க முயற்சிகளில் முதலிடம் பெற்றவை கடும் மனநோயும் வலிப்பு நோயும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஆகும். அவை கண்ணுக்குத் தெரிபவை. ஊரார் சுட்டிக் காட்டக்கூடியவை. மனச்சோர்வு அத்தகையதன்று. சோர்ந்தவர் சத்தமிடுவதில்லை, தெருவில் அலைவதில்லை. வேலைக்குச் சென்றுகொண்டும், சமைத்துக்கொண்டும், உள்ளுக்குள் அணைந்துகொண்டும் இருப்பார். ஆகவே அது பின்வரிசையிலேயே நின்றது. திட்டத்தின் வெற்றியும் பெரும்பாலும் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை பேர் வந்தனர் என்பவற்றாலேயே அளக்கப்பட்டது. சுவரை எண்ணிய காலம் போய், வருகையை எண்ணும் காலம் வந்தது எனலாம். வந்தவர் குணமடைந்தாரா என்பது எண்ணப்படவில்லை.

மருத்துவத்தின் தரத்தை எவ்வாறு காண்பது என்பதற்கு 1966-இல் அமெரிக்காவில் அவேதிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர் ஒரு தெளிவான வழியைக் கூறியிருந்தார். மூன்றைப் பாருங்கள் என்றார் அவர்: முதலாவது அமைப்பு, அதாவது கட்டிடம், மருந்து, ஆள், இரண்டாவது செய்முறை, அதாவது செய்யவேண்டியதைச் செய்தார்களா என்பது, மூன்றாவது விளைவு, அதாவது நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது. சமையலை உவமையாகக் கொண்டால் அடுப்படி, ஆக்கும் பக்குவம், உண்டவர் பசி ஆறியதா என்பன இம்மூன்றும். நம் நாட்டு மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் அடுப்படியை மட்டுமே ஆராய்ந்தோம். அதனையும் ஒழுங்காக ஆராய்ந்தோமில்லை.

அந்த ஒழுங்கான ஆராய்ச்சி 1990-களின் இறுதியில் நடந்தது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் வேண்டுகோளின்படி, நிம்ஹான்ஸ் அறிஞர்கள் நாட்டின் 37 அரசு மனநல மருத்துவமனைகளின் நிலையை ஆராய்ந்தனர். ‘மனநலத்தில் தர உறுதி’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவ்வறிக்கை 1999-இல் வெளிவந்தது. சிறையை ஒத்த கட்டிடங்களும், அடைத்துவைக்கும் அறைகளும், ஆண்டுக்கணக்கில் வீடு திரும்பாதோரும் அதில் பதிவாயினர். அளந்து எழுதியதனால் மறுக்க முடியாததாயிற்று. மறுக்க முடியாததனால் திருத்தங்கள் தொடங்கின. ஆயினும் அளவுகோல் எட்டாத இடங்களும் இருந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். எவரும் எண்ணாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி, மனச்சோர்வை அளக்கும் கருவிக்கு வருவோம். 1960-இல் மாக்ஸ் ஹாமில்டன் என்பவர், மருத்துவர் நோயாளியிடம் உரையாடி மதிப்பெண் இடும் அளவை ஒன்றை வகுத்தார். 2001-ஆம் ஆண்டளவில், நோயாளி தாமே விடை கூறத்தக்க ஒன்பது வினாக்கள் கொண்ட வேறோர் அளவை அமெரிக்காவில் சோதித்து வெளியிடப்பட்டது. கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வம், உள்ளக் களிப்பு, உறக்கம், உடல்வலு, பசி, தன்மதிப்பு, கவனம், நடமாட்டம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை எவ்வாறிருந்தன என்பதே அவ்வினாக்களின் சாரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் பெற்றவரை மருத்துவர் கவனித்து ஆராயவேண்டும். மருத்துவத்திற்குப் பின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. ஐந்துக்குக் கீழ் இறங்கினால் நோய் தணிந்தது என்று கொள்வர்.

இக்கருவி எளியது, எந்தச் சுகாதாரப் பணியாளரும் கையாளத்தக்கது. அதன் பயன் முதன்முறை கேட்பதில் மட்டும் இல்லை. மறுமுறை கேட்பதில்தான் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் செல்லும். குணம் தெரிந்த பின்னரும் பல மாதங்கள் தொடரவேண்டும். ஒருமுறை வந்து, பத்து நாள் மருந்து வாங்கிச் சென்று, பின் வாராது போனவர் வருகைக் கணக்கில் ஒருவராவார்; குணமடைந்தோர் கணக்கில் அவர் இல்லை. இங்கிலாந்தில் 2008 முதல் நடைபெற்றுவரும் உளவழி மருத்துவத் திட்டத்தில், ஒவ்வொரு சந்திப்பிலும் நோயாளியின் மதிப்பெண் பதியப்படுகிறது. மருத்துவம் முடித்தோரில் பாதிப்பேரேனும் குணமடைய வேண்டும் என்பது அங்கு வகுத்த இலக்கு.

நம் நாட்டிலும் இவ்வகை அளவீடு சில உண்மைகளை வெளிக்கொணர்ந்துள்ளது. கோவாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் சுகாதார நிலையங்களில் பணியாற்றினர். மனச்சோர்வும் பதற்றமும் உற்றோரில், அரசு நிலையங்களில் இவ்வுதவி பெற்றவர்களுள் 100-க்குச் சுமார் 66 பேர் ஆறு மாதத்தில் குணமடைந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுள் அவ்வாறு குணமடைந்தோர் 100-க்குச் சுமார் 43 பேரே. தனியார் மருத்துவரிடம் சென்றோரிடையே அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. அளந்திராவிட்டால் இவ்விரண்டும் தெரிந்திரா. ஆனேக்கலுக்கு அண்டையில், அன்றைய இராமநகர மாவட்டத்தில், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் அறிஞர்கள் 50 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். மனச்சோர்வோடு நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவையும் உடையோருக்கு, மருத்துவரும் பணியாளரும் கூடிக் கவனித்த முறையில் சோர்வு கூடுதலாகத் தணிந்தது கண்டறியப்பட்டது. சகலவாரா தொடங்கிய வழி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அதே மண்ணுக்கருகில், விளைவையும் அளந்து காட்டும் நிலைக்கு வந்துள்ளது.

நாடு தழுவிய கணக்கும் நம்மிடம் உண்டு. 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இடம்பெற்றது. வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதாக அது கூறியது. மனச்சோர்வு உற்றோரில் 100-க்கு 85 பேர் உரிய மருத்துவம் பெறவில்லை என்றும் கூறியது. அந்த 85 பேரை எண்ணியது பெரும் பணி. எஞ்சிய 15 பேருக்குக் கிடைத்த மருத்துவம் எத்தகையது என்பது அதற்கடுத்த கேள்வி. அதுவும் சிறியதன்று.

அக்கேள்வியின் ஒரு கூறு நம் தொழிலைச் சார்ந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்துவரும் நாம், சில ஆண்டுகளுக்கு முன், நம் பக்கத்து ஊரிலிருந்து வந்து சந்தாபுரத்தருகே குடியிருந்த அம்மையார் ஒருவருக்குத் துணையாக, வட்டாரத்து மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அவர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். இரண்டு மாதமாக உறக்கமில்லை, உடம்பெல்லாம் வலி, சோறு மண்ணாகத் தோன்றுகிறது என்றார். மருத்துவர் இளைஞர், அன்புடையவர். கன்னடத்தில், “பேஜாரா?” என்று கேட்டார். “பேஜாரெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சார்” என்றார் அம்மையார். சத்து மாத்திரை எழுதித் தரப்பட்டது. திரும்பி வந்தோம்.

கன்னடத்தில் அச்சொல் மனவருத்தத்தையும் சலிப்பையும் குறிக்கும். நம் பேச்சுத் தமிழிலோ அது தொல்லை, வம்பு என்ற பொருளில் வழங்குவது. தம் வருத்தத்தைப் பற்றிக் கேட்கிறார் மருத்துவர் என்று அம்மையார் அறியவில்லை. தம்மை யாரேனும் தொல்லை செய்கிறார்களா என்று கேட்பதாகவே கொண்டார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் அருகில் நின்றும், அது நமக்குப் புலப்பட்டது திரும்பும் வழியில் பேருந்தில்தான். அடுத்த வாரம் மீண்டும் சென்றோம். இம்முறை மருத்துவர் கேட்டதை, “மனசு எப்படிம்மா இருக்கு? எதுலயாவது பிடிப்பு இருக்கா?” என்று எடுத்துச் சொன்னோம். அவர் விடை சொல்லத் தொடங்குமுன் கண்ணீர் வந்துவிட்டது. முறையான மருத்துவம் அன்றுதான் தொடங்கிற்று. மருத்துவமனையின் ஏட்டில் முதல் வருகையும் இரண்டாம் வருகையும் ஒன்றுபோலவே பதிவாகியிருக்கும். வந்தவர் ஒருவர், மருந்து பெற்றவர் ஒருவர். ஏட்டின் கணக்கில் பிழையில்லை. அது எண்ணாமல் விட்டதில்தான் பிழை.

மனச்சோர்வு என்பது ஏட்டுச் சொல். துயருற்றவர் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘கை கால் ஓய்ந்து போகிறது’, ‘மனசே விட்டுப் போச்சு’ என்றுதான் சொல்லுவார். வினாக்களை மொழிபெயர்ப்போர் இப்பேச்சை அறிந்து பெயர்க்கவேண்டும். பெயர்த்தபின், உண்மையான நோயாளிகளிடம் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். இல்லையேல், முழக்கோலின் கோடுகள் அழிந்திருந்தால் பட்டின் நீளம் தவறுவதுபோல, அளவீடே தவறிப்போகும்.

இதனைச் சட்டமும் ஓரளவு உணர்ந்துள்ளது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கிற்று. அதன் 22-ஆம் பிரிவின்படி, நோயின் தன்மையையும் மருத்துவ முறையையும் தமக்குப் புரியும் மொழியில், புரியும் வகையில் அறிந்துகொள்வதும் நோயாளியின் உரிமையே. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவைக்கு நிம்ஹான்ஸ் தலைமை மையமாக உள்ளது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இவ்வெண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நலம்.

மருத்துவத்தின் தரத்தை அளப்பது அறிஞர்களுக்கும் அரசுக்கும் மட்டும் உரிய வேலையன்று. நம் வீட்டில் ஒருவர் இந்நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்தால், நாமும் சில கேள்விகளைக் கேட்கலாம். அவருக்குப் புரியும் மொழியில் விசாரித்தார்களா? நோய் இன்னது, மருத்துவம் இவ்வளவு காலம் என்று சொன்னார்களா? மறுமுறை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடினார்களா? முதல்நாள் இருந்த நிலையை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? அவர் இரவில் உறங்கி, காலையில் எழுந்து, தம் வேலைக்குத் திரும்பினாரா? இவ்வைந்தும் விலையில்லா அளவுகோல்கள்.

முதலில் சுவரை எண்ணினோம்; பின்னர் வருகையை எண்ணினோம்; இப்போதுதான் குணமடைந்தவரை எண்ணக் கற்றுவருகிறோம். சகலவாராவிலிருந்து புறப்பட்ட பணியாளர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். நம் அம்மையாரும் இப்போது நலமாக இருக்கிறார். சென்ற பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பியபோது நம் வீட்டிற்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். இந்த விளைவைப் பதிய எந்த ஏட்டிலும் இன்னும் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்படும் நாள் வரவேண்டும்.